ஜம்ப் ஸ்டார்ட்டர் மாட்டியும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

டவுன் ஆன பேட்டரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் தரும் லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டரை மாட்டியும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பழி முதலில் அந்தக் கையடக்கப் பெட்டியின் மேல்தான் விழும். பெரும்பாலும் குற்றம் அங்கே இருப்பதில்லை. பெட்டியிலிருந்து செல்ஃப் மோட்டார் வரை மின்சாரம் போகும் வழியில் எங்கோ ஓரிடத்தில் வோல்ட் தொலைகிறது. கிளாம்பின் பல் சரியாகப் பதியாத இடமாக இருக்கலாம், உப்புப் பூத்த டெர்மினலாக இருக்கலாம், செல் செத்துப்போன பேட்டரியாகவோ துருப்பிடித்த எர்த் ஒயராகவோ இருக்கலாம். எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிக்கக் காதும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் போதும். கீழே உள்ள அறிகுறிகளில் உங்கள் வண்டி காட்டுவது எது என்று பார்த்து அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் இரண்டு பகுதிகளைத் தாண்டிப் போக வேண்டாம்.

எப்போது மாட்டவே கூடாது

பேட்டரியின் உடல் விரிசல் விட்டிருந்தாலோ, பக்கங்கள் உப்பியிருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலோ அதற்கு ஜம்ப் கொடுக்கக் கூடாது. உறைந்த பேட்டரிக்கும் கூடாது. முழு சார்ஜில் உள்ள ஈய-அமில பேட்டரி கடுங்குளிரையும் தாங்கும். சார்ஜ் இறங்கிய பேட்டரியில் அமிலம் நீர்த்துப்போய்க் கிட்டத்தட்டத் தண்ணீராகிவிடுவதால் பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரியிலேயே உறையும். உறைந்த பேட்டரிக்குள் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளினால் அது வெடிக்கலாம்.

வண்டி 12 வோல்ட்தானா என்று பாருங்கள். லாரி, பஸ்களில் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகக் கட்டி 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அதன் இரு கடைசி முனைகளில் 12 வோல்ட் பெட்டியை மாட்டினால் பெட்டி பாழாகும், தீப்பிடிக்கவும் கூடும். பழைய 6 வோல்ட் பைக்குகளுக்கும் இது ஆகாது. ஹைப்ரிட் காரில் உள்ள சின்ன 12 வோல்ட் துணைப் பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்கலாம். ஆரஞ்சு நிற உறை போட்ட ஒயர்கள் உயர் மின்னழுத்தம், அவற்றின் பக்கமே போகாதீர்கள்.

மாட்டும் வரிசை

சாவியை அணைத்து, ஹெட்லைட், ஏசி, ஸ்டீரியோ எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பெட்டியில் சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கிறதா பாருங்கள். நான்கு புள்ளி காட்டும் பெட்டி என்றால் குறைந்தது மூன்று எரிய வேண்டும். சிவப்பு கிளாம்பை + டெர்மினலில் மாட்டுங்கள். கறுப்பை இன்ஜினில் பெயின்ட் இல்லாத கனமான உலோகப் பகுதியிலோ, வண்டியில் அதற்கென்றே விட்டிருக்கும் எர்த் போல்ட்டிலோ மாட்டுங்கள். பேட்டரிக்கு மேலே ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும், பொறி அங்கே பறக்காமல் இருப்பது நல்லது. தவிர, பல புதிய கார்களில் − டெர்மினலின் மேலேயே பேட்டரி சென்சார் உட்கார்ந்திருக்கும், அதையும் கடிக்காமல் தப்பிக்கலாம். பேட்டரி டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும் கார்களில் பானெட்டுக்குள் சிவப்பு மூடி போட்ட தனி + முனை இருக்கும், அங்கே மாட்டுங்கள்.

கிளாம்ப் இரண்டும் பிடித்த பிறகு பெட்டியில் கேபிளின் பிளக்கைச் செருகுங்கள். கையேடு வேறு வரிசை சொன்னால் கையேட்டின்படி செய்யுங்கள். ஆனால் நடுவில் கட்டுப்பாட்டுப் பெட்டி இல்லாத வெறும் ஒயர் என்றால் பிளக் கடைசியாகத்தான் போக வேண்டும். அதில் பாதுகாப்பு எதுவும் கிடையாது, இரண்டு கிளாம்பும் ஒன்றையொன்று தொட்டால் உலோகம் உருகிப் பொறி பறக்கும்.

கட்டுப்பாட்டுப் பெட்டியில் பச்சை விளக்கு வந்ததும் சாவியைத் திருப்பி 3 நொடி, மிஞ்சினால் 5 நொடி மட்டும் சுற்றவிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஒரு நிமிடம் ஓய்வு, பிறகு அடுத்த முயற்சி. மூன்று நான்கு முறைக்கு மேல் இப்படிச் செய்வதில் அர்த்தமில்லை. ஸ்டார்ட் ஆனால் 30 நொடிக்குள் பிளக்கை உருவி, கறுப்பு, பிறகு சிவப்பு என்று கழற்றுங்கள். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் தரும், மூன்று செல் லித்தியம் அடுக்கின் உச்சமோ 12.6 வோல்ட். மாட்டியபடியே விட்டால் மின்சாரம் திரும்பிப் பாய்ந்து செல்களை அளவுக்கு மீறி சார்ஜ் செய்யும். கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ள ஸ்மார்ட் கேபிள் இதைத் தடுக்கும் என்றாலும், அந்த ஒரு சின்ன ரிலேயை நம்பி மெத்தனமாக இருக்க வேண்டாம்.

அறிகுறி: கிளாம்ப் மாட்டியும் பச்சை விளக்கு வரவில்லை

ஸ்மார்ட் கேபிளின் கட்டுப்பாட்டுப் பெட்டி எதிரே ஒரு பேட்டரி இருப்பதை அதன் வோல்ட்டை வைத்துத்தான் உணர்கிறது. பேட்டரி ஒரேயடியாக வற்றி 2, 3 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் அதன் கண்ணுக்கு அங்கே எதுவும் இல்லை, இணைப்பைத் திறக்காது. இந்த எல்லை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.

முதலில் கிளாம்பைக் கழற்றி வேறு கோணத்தில் மாட்டுங்கள். பிளக்கை ஒருமுறை உருவி அழுத்திச் செருகுங்கள். நீல நிற இசி5 பிளக் கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு நல்ல அழுத்தம் கேட்கும். முக்கால்வாசி போனதை முழுதாகப் போனது என்று நினைத்துவிடுவது சகஜம். இதுவும் பயனில்லை என்றால் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்துப் பேட்டரியை அளங்கள். 12.6 காட்டினால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு வேறு இடத்தில். சில கேபிள்கள் வண்டி பேட்டரி பெட்டியைவிட அதிக வோல்ட்டில் இருந்தால் திறக்காமலேயே இருந்துவிடும், அது பிழை இல்லை.

3 வோல்ட்டுக்குக் கீழே என்றால் பூஸ்ட் பட்டன் தேவைப்படும். இதை அழுத்துமுன் நிதானம் வேண்டும். பூஸ்ட் என்பது கூடுதல் சக்தி தரும் பட்டன் இல்லை. "எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் திற" என்று பெட்டிக்குச் சொல்வது, அவ்வளவுதான். பல பெட்டிகளில் அப்போது தலைகீழ் இணைப்புப் பாதுகாப்பும் வேலை செய்யாது. + எது, − எது என்பதைப் பேட்டரி உடலில் பொறித்த குறியைப் பார்த்து உறுதி செய்யுங்கள், ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். குறி அழிந்திருந்தால் ஒரு வழி உண்டு: ஈயத் தூண்களில் + தூண் எப்போதும் சற்றுப் பருமனாக இருக்கும். பரவலாக உள்ள வடிவத்தில் + தூண் சுமார் 19.5 மி.மீ., − தூண் சுமார் 17.9 மி.மீ. பூஸ்ட் அழுத்திய பிறகு பெரும்பாலான பெட்டிகள் அரை நிமிடம் போலத்தான் திறந்திருக்கும், அதற்குள் சாவியைத் திருப்பிவிட வேண்டும்.

அறிகுறி: சிவப்பு விளக்கும் பீப் ஓசையும்

கிளாம்ப் மாறியிருக்கிறது, அல்லது எங்கோ ஷார்ட். உடனே பிளக்கை உருவுங்கள். சரியாக மாட்டிய பிறகும் ஓசை தொடர்ந்தால், சிவப்பு கிளாம்பின் தாடை பக்கத்தில் உள்ள உலோகத் தகட்டைத் தொடுகிறதா பாருங்கள். பேட்டரியை இறுக்கிப் பிடிக்கும் பட்டை + தூணுக்கு ஓரிரு சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கும். பாதுகாப்பில்லாத கேபிளில் + − மாறிப் போனால் ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் முதன்மை பியூஸும் முதலில் போகும்.

அறிகுறி: டக்-டக்-டக் என்று வேகமாக அடிக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். சாவியைத் திருப்பியதும், செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்சான சொலினாய்டு இழுத்துக்கொள்கிறது. அந்தக் கணமே மோட்டாருக்குள் மின்சாரம் பாய, வோல்ட் சரிகிறது. சொலினாய்டைப் பிடித்து வைக்க அது போதாமல் விட்டுவிடுகிறது. விட்டதும் வோல்ட் ஏறி, மறுபடி இழுக்கிறது. ஆக, மின்சாரம் வருகிறது, ஆனால் லோடு விழுந்ததும் எங்கோ தொலைகிறது.

முதலில் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் அதன் மேல் கிளாம்ப் மாட்டுவது பஞ்சின் மேல் மாட்டுவது போலத்தான். கணக்கைப் பாருங்கள்: இணைப்பில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தால் 200 ஆம்பியர் ஓடும்போது அந்த ஓர் இடத்திலேயே 2 வோல்ட் போய்விடும். 400 வாட் சூடு அங்கே உண்டாகும். 0.01 ஓம் என்பது சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் தெரியவே தெரியாது, பூஜ்யம் என்றே காட்டும். செல்ஃப் எடுக்காமல் போக அதுவே போதும். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள், நுரைத்து அடங்கியதும் துடைத்து, கம்பி பிரஷால் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் இறங்கக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து கிளாம்ப். அதைத் திறந்து உள்ளே பாருங்கள். ஒயர் ஒரு தாடையில்தான் வந்து சேரும். நல்ல கிளாம்பில் அங்கிருந்து எதிர்த் தாடைக்குத் தடித்த செம்புப் பின்னல் ஒன்று போகும். மலிவான கிளாம்பில் அந்தப் பின்னல் இருக்காது. எதிர்த் தாடை வெறுமனே பிடித்துக்கொள்ள மட்டும்தான், அதன் வழியே மின்சாரம் போகவேண்டுமானால் நடுவில் உள்ள ஸ்பிரிங்கைத்தான் நம்ப வேண்டும். இப்படிப்பட்ட கிளாம்பில் ஒயர் சேரும் தாடை ஈயத் தூணின் மேலும், மற்றது வெளிப்புறத்திலும் இருக்கும்படி திருப்பி மாட்டுங்கள். இந்தத் திருப்பலிலேயே எடுத்துவிடும் வண்டிகள் உண்டு. போல்ட்டின் தலை மேல் கடிக்க விடாதீர்கள். போல்ட் இரும்பு, ஈயத்தோடு அதன் தொடர்பும் மோசமாக இருக்கும்.

இதற்கும் மசியவில்லை என்றால் அளந்துவிடுவது நல்லது. இன்னொருவர் சாவியைத் திருப்ப வேண்டும்.

முதல் அளவீடு, பெட்டியை மாட்டாமல், சாவி அணைந்த நிலையில். 12.6 வோல்ட் முழு சார்ஜ், 12.2 ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே வந்தால் கிட்டத்தட்ட காலி. 10.5 வோல்ட்டுக்கு அருகில் வந்து அங்கேயே நின்றால் ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பேட்டரி, பெட்டி தரும் மின்சாரத்தைத் தானே குடித்துக்கொண்டிருக்கும். எவ்வளவு பெரிய ஜம்ப் ஸ்டார்ட்டரும் அதனிடம் திணறும்.

இரண்டாவது, பெட்டியை மாட்டிச் சாவியைத் திருப்பும்போது, மீட்டரின் முனைகளை ஈயத் தூண்களின் நடுவிலேயே அழுத்திப் பிடித்து அளப்பது. 10 வோல்ட்டுக்கு மேல் நின்றும் செல்ஃப் சுற்றவில்லை என்றால் மின்சாரம் பேட்டரிவரை நன்றாக வருகிறது, கோளாறு அதற்கு அப்பால். 9-க்குக் கீழே விழுந்தால் மூன்றாவது அளவீட்டுக்கு வாருங்கள்: மீட்டர் முனைகளைத் தூணிலிருந்து எடுத்து இரு கிளாம்புகளின் தாடைகளில் வையுங்கள். தாடையில் 10-க்கு மேலும் தூணில் 7-ம் காட்டினால் தொடர்பில்தான் தொலைகிறது. தாடையிலேயே 7 என்றால் பெட்டிக்கோ அதன் கேபிளுக்கோ சக்தி போதவில்லை, அல்லது ஷார்ட் ஆன பேட்டரி அதைக் கீழே இழுக்கிறது. டக்-டக் அடிக்கும்போது சாதாரண மீட்டரின் எண் துள்ளிக்கொண்டே இருக்கும். மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் பட்டன் உங்கள் மீட்டரில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

பேட்டரி வெறுமனே ஆழமாக வற்றியதுதான், செல் சாகவில்லை என்றால், பச்சை வந்தவுடன் சாவியைத் திருப்பாமல் அரை நிமிடம் காத்திருங்கள். அதற்குள் பேட்டரிக்குள் கொஞ்சம் சார்ஜ் ஏறும், சாவியைத் திருப்பும்போது அது பெட்டியிடமிருந்து பிடுங்குவது குறையும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒயரில் நேரடியாகக் கிளாம்ப் மாட்டும் யோசனை சிலருக்கு வரும். வேண்டாம். ஸ்டார்ட் ஆன பிறகு பெட்டியை எடுக்கும்போது தாங்கிக்கொள்ளப் பேட்டரி இல்லாமல் ஆல்டர்னேட்டரின் வோல்ட் எகிறும், அந்த எகிறலில் வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினியே போய்விடலாம்.

அறிகுறி: ஒரே ஒரு 'டக்', அதன்பின் அமைதி

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் மங்கவே இல்லை என்றால் மோட்டாருக்குள் மின்சாரம் போகவில்லை: சொலினாய்டின் உள் செம்புத் தொடுமுனை தேய்ந்திருக்கும், அல்லது கார்பன் பிரஷ் தீர்ந்திருக்கும். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, இன்னொருவர் மரக் கைப்பிடியால் மோட்டார் உடலில் மெல்லத் தட்டினால் தேய்ந்த பிரஷ் ஒருமுறை பிடித்துக்கொள்ளக்கூடும். அது ஒர்க்‌ஷாப் வரை போவதற்கான வழி மட்டும்.

வெளிச்சம் ஒரேயடியாக மங்கினால் மோட்டார் இறுகியிருக்கிறது, அல்லது இன்ஜினே சுற்ற மறுக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அடுத்த முயற்சி வேண்டவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இங்கே ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒரு சோதனைக் கருவியாகவும் உதவும். கறுப்பு கிளாம்பைப் பேட்டரியின் − தூணில் மாட்டி எடுக்காத வண்டி, அதையே நேராக இன்ஜின் உடலில் மாட்டியதும் எடுத்தால், பேட்டரிக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள எர்த் ஒயர்தான் குற்றவாளி. மீட்டரில் உறுதி செய்ய, கறுப்பு கிளாம்பைத் திரும்பவும் − தூணிலேயே மாட்டி, ஒரு முனையை அந்தத் தூணிலும் மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரைக் கழற்றி, இரு நுனியையும் தேய்த்து இறுக்குங்கள், அல்லது மாற்றுங்கள்.

அறிகுறி: சத்தமே இல்லை, லைட் மட்டும் பளிச்

ஆட்டோ கியர் வண்டியில் கியர் பி அல்லது என்-இல் இருக்கிறதா? மேனுவலில் கிளட்ச் அடிவரை போகிறதா? திருட்டுத் தடுப்புப் பூட்டான இம்மொபைலைசரின் விளக்கு மினுக்குகிறதா? சாவி ரிமோட்டின் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். பிறகு ஸ்டார்ட்டர் ரிலே, பியூஸ். பெட்டிக்கு இதில் வேலை இல்லை.

அறிகுறி: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

ஜம்ப் ஸ்டார்ட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. எரிபொருள், தீப்பொறி, இம்மொபைலைசர் என்று தேட வேண்டும். பலமுறை சுற்றியதில் பெட்ரோல் தேங்கியிருந்தால், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி 5 நொடி சுற்றுங்கள். ஊசிவழி எரிபொருள் செலுத்தும் பல இன்ஜின்களில் அப்போது பெட்ரோல் நிறுத்தப்பட்டு காற்று மட்டும் உள்ளே போகும். டீசலில், சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக்குகளுக்கான சுருள் வடிவ விளக்கு அணைந்த பிறகே சாவியைத் திருப்புங்கள். ஒவ்வொரு குளோ பிளக்கும் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், நான்கும் எரியும்போதே செல்ஃப் கொடுத்தால் பெட்டியின் பாரம் வீணாகக் கூடுகிறது.

அறிகுறி: சுற்றத் தொடங்கி, பாதியில் வெட்டிவிடுகிறது

பெட்டியின் உட்பாதுகாப்பு துண்டித்திருக்கிறது. காரணம் மூன்றில் ஒன்று. இன்ஜினுக்குப் பெட்டி சிறிது, பெட்டி சூடாகிவிட்டது, அல்லது பெட்டி குளிர்ந்து கிடக்கிறது. பிளக்கை உருவி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி செருகினால் பெரும்பாலானவை தாமாக மீளும்.

குளிரைப் பற்றிக் கொஞ்சம். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் செல்லின் உள்தடை கூடிவிடும். இன்ஜின் ஆயிலும் இறுகி, மோட்டார் வழக்கத்தைவிட அதிக ஆம்பியர் கேட்கும் நேரமும் அதுதான். இரவு முழுக்க வண்டிக்குள் உறைந்த பெட்டியைக் கோட்டுக்குள் அணைத்து அரைமணி நேரம் வைத்திருந்து பிறகு மாட்டுங்கள், வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். பூஜ்யத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் மட்டும் போடவே கூடாது. செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும்.

அறிகுறி: ஸ்டார்ட் ஆனது, கிளாம்பை எடுத்ததும் நின்றுவிட்டது

ஆல்டர்னேட்டர் சார்ஜ் தரவில்லை, அல்லது பேட்டரி டெர்மினல் லூஸ். மறுபடி ஸ்டார்ட் செய்து, கிளாம்பை எடுக்கும் முன் பெட்டியின் பிளக்கை மட்டும் உருவிவிட்டுப் பேட்டரித் தூணில் அளங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் சாதாரணம். 13-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் பெல்ட், ஆல்டர்னேட்டர் இணைப்பு, அதன் பியூஸ் என்று பாருங்கள். பெல்ட் அறுந்திருந்தால் வண்டியை எடுக்க வேண்டாம், பல இன்ஜின்களில் தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது.

அறிகுறி: நான்கு புள்ளியும் எரிகிறது, லோடு கொடுத்தால் செத்துவிடுகிறது

அந்தப் புள்ளிகள் வோல்ட்டை மட்டும்தான் காட்டும். செல்லின் உள்தடை எவ்வளவு கூடியிருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. வயதான, வெயிலில் வெந்த செல் ஓய்வில் 12.5 வோல்ட் காட்டி, 150 ஆம்பியர் கேட்டதும் 8-க்கு விழும். போனுக்குச் சார்ஜ் போட அதில் நன்றாக வரும். அதனால்தான் பலர் பெட்டி சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். மேலே சொன்ன மூன்றாவது அளவீட்டை ஆரோக்கியமான பேட்டரி உள்ள இன்னொரு வண்டியோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். இப்படி ஆன பெட்டியைச் சரிசெய்ய வழி இல்லை.

அறிகுறி: பெட்டியே சார்ஜ் ஏறவில்லை

இரு பக்கமும் யுஎஸ்பி-சி உள்ள ஒயரை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் பழைய அகலமான யுஎஸ்பி-ஏ முனை உள்ள ஒயரால் போட்டுப் பாருங்கள். மலிவான பெட்டிகளின் சி துளைக்குள், சார்ஜரோடு பேசத் தேவையான இரண்டு சின்ன ரெசிஸ்டர்களை விட்டுவிடுவார்கள். சி-யிலிருந்து சி போகும் சார்ஜர் அது இல்லாமல் மின்சாரமே தராது. 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். 44 வாட்-அவர் பெட்டி முழுதாக நிறைவதற்கு, இழப்போடு சேர்த்து 5, 6 மணி நேரம் ஆகும், ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டு ஏறவில்லை என்று சொல்லக் கூடாது.

பல மாதம் மறந்து கிடந்து அடியோடு வற்றியிருந்தால் உள்பாதுகாப்பு சார்ஜை ஏற்க மறுக்கும். உறையைப் பிரித்து செல்லுக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்து உயிர்ப்பிக்கும் வேலையைச் செய்யாதீர்கள். ஆழ்ந்து வற்றிய செல்லுக்குள் செம்பு கரைந்து ஷார்ட் உருவாகியிருக்கலாம்.

அறிகுறி: உறை உப்பியிருக்கிறது, இனிப்பான ரசாயன வாடை

பயன்படுத்துவதை அக்கணமே நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. எரியும் பொருள்கள் இல்லாத திறந்த வெளியில், கல் தரையில் வைத்துவிட்டு மின்கழிவு சேகரிப்பில் ஒப்படையுங்கள். புகை வந்தால் விலகி நில்லுங்கள், நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பதுதான் வழி.

அறிகுறி: தினமும் காலையில் ஜம்ப் தேவைப்படுகிறது

ஸ்டார்ட் ஆன பிறகு அரைமணி ஓட்டினால் பேட்டரி நிறைந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. ஆழமாக வற்றிய பேட்டரிக்குச் சுவர் சார்ஜரில் ஓர் இரவு தேவை. அப்படி நிறைத்தும் மறுபடி இறங்கினால், நிறுத்திய வண்டியில் எதுவோ மின்சாரம் உறிஞ்சுகிறது. − ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டு, ஒயருக்கும் தூணுக்கும் நடுவே தொடராக இணையுங்கள். இணைத்தபடி சாவியைத் திருப்பினால் மீட்டரின் பியூஸ் போகும். வண்டியின் கணினிகள் உறங்க ஒரு மணி நேரம் வரை விடுங்கள். 50 மில்லியாம்பியருக்குள் என்றால் சாதாரணம். அந்த 50-கூட நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர் தின்னும், 45 ஆம்பியர்-அவர் பேட்டரி 19 நாளில் பாதியாகும். 300, 400 என்று காட்டினால் பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு.

புதிதாக வாங்குவதென்றால்

அட்டையில் பெரிதாக அச்சடித்த 'பீக் ஆம்பியர்' எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். கார் பேட்டரியின் குளிர்நிலை ஆம்பியருக்குத் தெளிவான இலக்கணம் உண்டு: −18 டிகிரியில், 30 நொடி, 7.2 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் தர வேண்டும். பீக் ஆம்பியருக்கு அப்படி எல்லோரும் ஒப்பிய அளவுகோல் இல்லை, 2000 என்று போட்டாலும் கேட்க ஆளில்லை. அதற்குப் பதில் ஸ்டார்ட்டிங் ஆம்பியர் என்று தனியே தந்திருக்கும் எண்ணைப் பாருங்கள். சிறிய பெட்ரோல் கார் 100 முதல் 200 ஆம்பியர், 2 லிட்டர் தாண்டிய டீசல் 300 முதல் 500 ஆம்பியர் இழுக்கும்.

மில்லியாம்பியர்-அவர் எண்ணும் ஏமாற்றும். 12,000 என்றால் அது ஒற்றைச் செல்லின் 3.7 வோல்ட்டில் கணக்கிட்டது, அதாவது 44.4 வாட்-அவர். வண்டிக்குத் தரும் 11.1 வோல்ட்டில் அது 4,000-தான். ஆனால் ஒரு ஸ்டார்ட்டுக்கு ஆகும் சக்தி மிகக் குறைவு: 250 ஆம்பியர், 10 வோல்ட், 3 நொடி என்றால் 7,500 ஜூல், ஏறக்குறைய 2 வாட்-அவர். ஆகவே இருப்பு எவ்வளவு என்பதைவிட, கொள்ளளவைப் போல் 60 மடங்கு ஆம்பியரை ஒரே வீச்சில் கொட்டும் திறன் செல்லுக்கு உண்டா என்பதே கேள்வி. கேபிளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ரப்பர் உறை தடித்து, உள்ளே செம்பு மெலிந்த கேபிள்கள் நிறைய. வளைத்தால் வெறும் ரப்பராக நெகிழ்வதும், குட்டையான துண்டுக்கே கனம் தெரியாததும் கெட்ட அடையாளம். இருபுறத் தாடைக்கும் செம்புப் பின்னல், கட்டுப்பாட்டுப் பெட்டி, தனிக் கேபிள் மாற்றாகக் கிடைக்கும் வசதி, இந்த மூன்றும் இருந்தால் பெயர் தெரியாத தயாரிப்பானாலும் பரிசீலிக்கலாம்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் கனமாக இருக்கும், ஆனால் சூட்டையும் வருடங்களையும் கூடுதலாகத் தாங்கும். கார் வெயிலில் நிற்பவர்களுக்கு அதுவே என் தேர்வாக இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறைகூடப் பெட்டியைச் சார்ஜ் போட மறப்பவர்கள் கெப்பாசிட்டர் வகையைப் பாருங்கள். அது தன்னுள் எதையும் தேக்கி வைப்பதில்லை, டவுன் ஆன பேட்டரியில் மிஞ்சிய கொஞ்ச சார்ஜை உறிஞ்சி ஒரே வீச்சில் திருப்பித் தரும். பேட்டரி முழுக்க வற்றியிருந்தால் மட்டும் அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும்.

வைக்கும் இடம்

டாஷ்போர்டில் வேண்டாம். வெயிலில் பூட்டிய காரில் அந்த இடம் 70 டிகிரியைத் தாண்டும், பெரும்பாலான பெட்டிகளின் சேமிப்பு எல்லை 60-க்குள்தான். சீட்டுக்கு அடியிலோ டிக்கியின் தரைக்குக் கீழோ வையுங்கள், கோடையில் கையோடு வீட்டுக்குள் எடுத்து வருவது இன்னும் நல்லது. பயன்படுத்திய உடனே சூட்டோடு சார்ஜ் போடாமல் அரைமணி ஆறவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புள்ளிகளைப் பார்த்து, இரண்டுக்கு வந்திருந்தால் ஏற்றுங்கள். கடைசியாகச் சார்ஜ் போட்ட தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டியின் பின்புறம் ஒட்டுங்கள். பையில் கேபிளோடு ஒரு கம்பி பிரஷையும், டெர்மினல் நட்டுக்கான 10 மி.மீ. ஸ்பேனரையும் போட்டு வையுங்கள்.